செவந்தி சொன்ன விண்வெளிக் கதை

கேப்டன் பிரென்னருக்குத் தங்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் ஓர் அறையில் தங்கி வேலை பார்க்கும் எட்டு ஆண்கள், அவருக்கு ஒரு தங்கை உண்டு என்று ஒரு வருடமாக நம்பியிருந்தார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பிரென்னர் யார் என்று தெரியாதவர்களுக்கு: 'அப்பாலுக்கு அப்பால்' என்ற வெளிநாட்டு விண்வெளித் தொடரின் நாயகன். முப்பது வருடமாக விட்டு விட்டு எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை ஒன்பது பாகம், இரண்டு சினிமா. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபிளில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. இரண்டாம் பாகம் முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் பெயர் கோபிநாத். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தத் தொடருக்கு ரசிகன் நான் ஒருவன்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வாட்ஸ்அப் வந்த பிறகு தேடிப் பிடித்ததில் முப்பத்தோரு பேர் தேறினார்கள். குழுவுக்கு நான்தான் அட்மின். பழைய தமிழ்க் குரல் உசத்தியா, புதுக் குரல் உசத்தியா என்று ஆவூர் வாத்தியார் ஒருவரும் நானும் நான்கு வருடமாகச் சண்டை போடுகிறோம். முதல் ஐந்து பாகம் ஒரு ஆப்பில் தமிழில் கிடைக்கிறது. ஆறாம் பாகம் இந்தியாவில் எந்த ஆப்பிலும் இல்லை. ஏழிலிருந்து ஒன்பது வரை வேறொரு ஆப்பில், தமிழே இல்லாமல். எந்தப் பாகம் எங்கே என்று சொல்வதற்கே ஒரு அட்டவணை போட்டுக் குழுவில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அது மாறிவிடும், நான் திட்டிக்கொண்டே திருத்துவேன்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம், அதுவும் நான் போட்டது. பார்க்காதவர் ஒருவர் இருந்தால்கூட, அடுத்து என்ன நடக்கும் என்று மூச்சு விடக் கூடாது. மீறிய ஒருவரை இரண்டு மாதம் வெளியே நிறுத்தி வைத்தேன்.

செவந்தி எனக்கு அடுத்த கடை. லேடீஸ் டெய்லர், வயது முப்பத்தொன்பது. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். அவள் மிஷின் ஓடினால் என் மேஜையில் டீ கிளாஸ் ஆடும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சொன்ன தேதியில் ஜாக்கெட் தருகிற ஒரே டெய்லர் செவந்திதான் என்று என் மனைவி ரம்யா சொல்வாள். ரம்யா யாரையும் லேசில் பாராட்டுகிறவள் இல்லை. செவந்தியின் கணவர் ஆண்டியப்பன் பதினோரு வருடமாக மஸ்கட்டில் ஏசி குழாய் மாட்டுகிற வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். ஒரே மகள் கார்த்திகா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஆக, வீட்டில் செவந்தி மட்டும், கடையில் செவந்தியும் மிஷினும்.

எங்கள் குழுவின் ஆண்டு விழாவுக்காக முப்பத்தோரு டீ-ஷர்ட்டில் கப்பலின் சின்னத்தைத் தைத்துத் தரச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். "அண்ணே, இது என்ன, கொக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பதிவு எண் 4471 கொண்ட கப்பலைக் கொக்கு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். லீடா என்ற பெண்ணின் கப்பல் உடைந்து அவள் மட்டும் தப்புவதும், பிரென்னர் அவளை மீட்டுத் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுப்பதும், பிறகு அவளே அவருடைய கப்பலை ஓட்டுவதும் வரை வந்தேன். செவந்தி தைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுக்குத் திரும்பிப் போக ஊரே இல்லையாண்ணே?" என்றாள். மறுநாள் என்னிடம் வந்து ஆப்பின் பாஸ்வேர்டு கேட்டாள்.

அந்த ஆப் வாரத்துக்கு ஒருமுறை, இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததா என்று கேட்கும். நம்பர் என் போனுக்கு வரும். நான் கடையிலிருந்து கத்துவேன், அவள் அந்தப் பக்கம் எழுதிக்கொள்வாள். எங்கள் ரகசிய எண் கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும்.

ஒற்றைக்கல் சுவர் என்பதால் அவளும் ஆண்டியப்பனும் போனில் பேசுவது எனக்கு மனப்பாடம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே பேசுவாள்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"ஆச்சு. வேலை எப்படிப் போவுது?"

"ஓடுது. பாப்பா பேசுச்சா?"

"பேசுச்சு."

"சரி, வச்சிரவா?"

மூன்று நிமிடம்கூட ஆகாது. ஆண்டியப்பன் தங்கமான மனிதர். லீவில் வந்தால் என் கடைக்கு வந்து பேப்பர் கட்டை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அவருக்குப் பேச்சு வராது. செவந்திக்கோ அவரிடம் பேச ஆசை இருந்தது, பேச விஷயம் இல்லை. ஜாக்கெட் தைத்த கதையை எத்தனை நாள் சொல்வது?

ஒரு வெள்ளிக்கிழமை, 'வச்சிரவா' வருவதற்கு முன்னால், முதல் நாள் பார்த்த அத்தியாயத்தைச் செவந்தி சும்மா சொல்ல ஆரம்பித்தாள். கப்பல் உடைந்தது, அந்தப் பெண் தனியாக மிதந்தாள் என்று சொல்லி நிறுத்தினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நான்கூட நினைத்தேன். பிறகு ஆண்டியப்பன் குரல் வந்தது.

"அப்பறம் அந்தப் புள்ள என்னாச்சு?"

போனை வைத்ததும் செவந்தி என் கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணே, அவரு கேள்வி கேட்டாருண்ணே" என்றாள். ஊசி குத்திய விரலில் ரத்தம் வருவதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மஸ்கட்டில் அந்த ஆப் திறக்காது. 'உங்கள் நாட்டில் இது கிடைக்காது' என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதி வரும். அதனால் செவந்தியே பார்த்து, செவந்தியே சொல்வது என்று ஆயிற்று. வாரம் ஒரு அத்தியாயம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால், காலையில் வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுவாள். கதைக்கு முன்னால் இரண்டு வார்த்தை, கதை முடிந்ததும் நாலு வார்த்தை என்று வீட்டு விஷயமும் அதில் ஏறிக்கொள்ளும். இரண்டாவது மாதத்தில் ஒரு சேதி வந்தது. ஆண்டியப்பன் அதை ஸ்பீக்கரில் போட, அறையில் உள்ள எட்டுப் பேரும் மதியச் சாப்பாட்டோடு உட்கார்ந்து கேட்கிறார்களாம்.

அவள் சொல்கிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். "கப்பல்ல இருந்து அந்தக் கிரகம் எவ்வளவு தூரம்னா, நம்ம ஊருலேர்ந்து ஆவுடையார்கோவிலுக்கு டவுன் பஸ்ல போற மாதிரி. போயிடலாம், ஆனா நிப்பாட்டி நிப்பாட்டித்தான் போவான்" என்பாள். ஆறு கண் உள்ள ஜீவராசியை, "பாக்கத்தான் ஒரு மாதிரி, மத்தபடி நல்ல குடும்பம்" என்பாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். அது நான்கு ஒளியாண்டு தூரம், அந்த இனத்துக்குக் குடும்பமே கிடையாது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து முணுமுணுப்பேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் ஜெராக்ஸ் மிஷினை அணைத்து வைப்பேன். சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்காது.

என்னால் பொறுக்க முடியாமல் போனது தங்கை விஷயத்தில்தான். முதல் வாரம், "அண்ணன் தங்கச்சிக்குக் குடுக்குற மாதிரி பாதிச் சாப்பாட்ட எடுத்துக் குடுத்தாரு" என்றாள். அடுத்த வாரம் அந்த 'மாதிரி' காணாமல் போயிற்று. மூன்றாம் வாரம் பிரென்னர் 'அண்ணன்', லீடா 'தங்கச்சி'. நேரே போய்ச் சொன்னேன்.

"செவந்தி, அந்தப் பொண்ணு அவருக்குத் தங்கச்சி இல்ல. கதையில எங்கயும் அப்படி வரல."

"தெரியும்ணே" என்றாள், தலையைத் தூக்காமல். "ஆனா ஒரு ஆம்பளையும் ஒரு பொண்ணும் வருசக்கணக்கா ஒரே கப்பல்ல தனியா இருக்காங்கன்னு எட்டு ஆம்பளைங்க கேக்குறப்ப நான் எப்படிண்ணே சொல்றது? அவரு ஒருத்தருன்னா பரவால்ல. ஒரு மொறை வச்சுட்டா நிம்மதியாச் சொல்லலாம்ல?"

ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அந்த இருவருக்கும் கல்யாணம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் சட்டத்தை நானே மீறியவன் ஆவேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிக மட்டமான சட்டம் அது.

இதற்கிடையில் அந்த அறையில் ஒன்று நடந்தது. ஆவுடையார்கோவில் பக்கத்து ஆள் சரவணக்குமார் என்று ஒருவர். தாய்மாமன் சீர் கொண்டு போனபோது ஏதோ ஒரு சொல் தடித்து, கூடப்பிறந்த தங்கையோடு எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் பாகத்தில் லீடா எதிரியிடம் சிக்கிக்கொள்ள, பிரென்னர் மேலிடத்து உத்தரவை மீறிப் போய் மீட்பார். செவந்தி அதை, "எனக்கு உத்தியோகம் போனாப் போவுது, என் தங்கச்சிய விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு" என்று சொன்னாள். படத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. அன்று மாலை சரவணக்குமார் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு பேரும் அழுதார்களாம். அன்று முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிறார்களாம். இதை ஆண்டியப்பனே செவந்தியிடம் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அத்தனை வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

போன பங்குனியில் ஒருநாள் மத்தியானம் செவந்தி என் கடைக்குள் வந்து நின்றாள். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது.

"அண்ணே, மோதிரம் மாத்துறாங்கண்ணே."

ஐந்தாம் பாகம் முடிந்திருந்தது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?" என்றாள். நான் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? ஒரு வருசமா அண்ணன் தங்கச்சின்னு சொல்லிப்புட்டு, இப்ப கல்யாணம்னு எந்த வாயால சொல்லுவேன்? அந்த சரவணக்குமாரு அண்ணன் காதுல இது விழுந்தா என்ன நெனைப்பாரு?"

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஐம்பது வாரம் போட்ட கதை, கடைசியில் ஒரு மோதிரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

பட்ட காலிலே இன்னொரு அடியாக அதே வாரம் குழுவில் செய்தி வந்தது. சித்திரை பிறந்ததும் நம் ஆப்பிலிருந்து 'அப்பாலுக்கு அப்பால்' மொத்தமாகப் போய்விடுகிறது. வேறெங்கே வரும் என்று தெரியாது. வளைகுடா நாடுகளில் மட்டும் ஒரு புது ஆப்பில், ஆறாம் பாகம் வரை தமிழிலேயே வருகிறது. குழுவே கொந்தளித்தது. ஆவூர் வாத்தியார் மூன்று பக்கத்துக்குக் கண்டனம் எழுதினார். நான் என் அட்டவணையையே அழித்துவிட்டேன்.

செவந்திக்குச் செய்தியைச் சொன்னேன்.

"அப்ப அவரு அங்கயே பாத்துக்குவாரு. பொய்யும் தெரிஞ்சுரும். எனக்குச் சொல்றதுக்குக் கதையும் இருக்காது" என்றாள். பிறகு மெதுவாக, "மறுபடி சாப்டீங்களா, சாப்டேன்தான்" என்றாள்.

இது ஒரு டிவி தொடர் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் போனை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். தனியாக உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை என்றாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் அடுக்கினேன். இரண்டு தரம் ஆரம்பித்து அழித்தாள். மூன்றாவது தரம் இப்படிப் பேசினாள்:

"ஏங்க, இத ரூம்ல போடாதீங்க, நீங்க மட்டும் கேளுங்க. அந்த அண்ணனும் தங்கச்சியும் அண்ணன் தங்கச்சி இல்லங்க. நாந்தான் அப்படிச் சொல்லிப்புட்டேன். இப்ப அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஒங்க ஊருல அடுத்த மாசம் ஆறாம் பாகம் வரைக்கும் வருதாம், நீங்களே பாத்துக்கலாம். இங்க இனிமே வராது. அதனால என்கிட்ட வேற கதை இல்ல. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. சரவணக்குமாரு அண்ணன்கிட்ட நீங்கதான் பாத்துச் சொல்லணும். நீங்க வெள்ளிக்கிழமை என் பேச்சுக் கேக்குறீங்கன்னுதான் நான் வியாழக்கிழமையெல்லாம் சந்தோஷமா இருந்தேன். வச்சிரவா?"

அனுப்பிவிட்டு எழுந்து போய் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அன்று முழுக்க என் டீ கிளாஸ் ஆடிக்கொண்டே இருந்தது.

இரண்டு நீலக் கோடு உடனே வந்துவிட்டது, கேட்டுவிட்டார். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை போன் வந்தது. சாப்டியா, சாப்டேன், பாப்பா பேசுச்சா, வச்சிரவா. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த வெள்ளியும். மூன்றாவது வாரம் செவந்தி ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துப் பேசினாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. ஆண்டியப்பன் மேல் கோபம் கோபமாக வந்தது. நான் மஸ்கட்டுக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினேன். ரம்யா என்னை அடக்கினாள்.

சித்திரை பிறந்து பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை. செவந்தியின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன் சத்தம் கேட்டது. மிஷின் நின்றது. "கோபிண்ணே" என்று அவள் சுவரைத் தட்டினாள். போனேன்.

வாய்ஸ் மெசேஜ். பதினோரு நிமிடம். கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்த மனிதர் அவளிடம் தொடர்ந்து பதினோரு நிமிடம் பேசியதே இல்லை. அவள் போனை என்னிடம் நீட்டினாள், நான்தான் அழுத்தினேன். முதலில் நெடுநேரம் இருமல். பிறகு ஆண்டியப்பன்.

"செவந்தி, நாந்தான். ரூம்ல சொல்லிட்டேன். அது கூடப்பொறந்த தங்கச்சி இல்ல, சொந்த அத்தை மகளாம். சின்னதுலேயே பிரிஞ்சு போனதால தெரியாம அண்ணன்னு கூப்புட்டுப் பழகிருச்சு, கப்பல்ல பழைய ரிக்கார்டு கெடைச்சு இப்பத்தான் தெரிஞ்சுச்சுன்னு சொன்னேன். சரவணக்குமாரு கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்படின்னா கட்டிக்கிற மொறைதானேன்னுட்டான். தங்கச்சிக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டான். நீ ஒண்ணும் நெனைச்சுக்காத."

செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒனக்கு உடனே பதில் போடணும்னு இருந்துச்சு. எனக்குத்தான் பேச வராதுல்ல. பாத்ரூம்ல நின்னு பேசிப் பாத்து, நாலஞ்சு தரம் அழிச்சேன். இங்க அந்த ஆப்பு வந்துருச்சு, என் போன்ல மட்டும் போட்டுக்கிட்டேன். ஆறாம் பாகம் அங்க வரலைன்னு சொன்னீல்ல. இனிமே நான் பாத்துட்டுச் சொல்றேன். மொத நாளு கதை என்னன்னா..."

சொன்னார். சொல்லவே தெரியவில்லை. யார் யாரிடம் பேசினார்கள் என்றே புரியவில்லை. கல்யாணமான புது மாப்பிள்ளை ஒரு கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டாராம். அங்கே ஒரே வெயிலாம். மொட்டை மாடியில் நின்று குழாய் மாட்டினால் கைப்பிடி சுடுமாம், ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டுமாம். பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவார்களாம், அந்த மூன்று மணி நேரமும் நிழலில் படுத்து வீட்டையே நினைத்துக்கொண்டிருப்பாராம். வந்த புதிதில் சோறு பொங்கத் தெரியாமல் அடிப்பிடித்துப் போய், அதையும் சுரண்டித் தின்றாராம். மகள் வயதுக்கு வந்த சேதியைப் போனில் கேட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாராம்.

"அவரு வீட்டுல கேட்டா, ஓடுதுன்னு மட்டும் சொல்லுவாராம்" என்று ஆண்டியப்பன் குரல் சொன்னது. "சொன்னா அந்தப் புள்ள வருத்தப்படும்ல, அதான். மீதி அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றேன்."

முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் பட்டுக்கோட்டை வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். செவந்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மேஜையில் கிடந்த ஜாக்கெட் துணியில் சொட்டியது, அவள் துடைக்கவில்லை.

"அண்ணே" என்றாள். "ஆறாம் பாகத்துக் கதை ஒங்களுக்குத் தெரியும்ல? இதெல்லாம் அதுல வருதாண்ணே?"

ஆறாம் பாகத்தின் பத்து அத்தியாயத்தையும் நான் நெட்டில் வரி வரியாகப் படித்து வைத்திருக்கிறேன். முதல் அத்தியாயம் முழுக்கப் பனிக் கிரகத்தில் நடக்கிறது. வெயில் கிடையாது, மாடி கிடையாது, பிரென்னருக்கு மகளே கிடையாது. கப்பல் எண்ணில் ஒரு இலக்கம் தப்பாகச் சொன்னவரைக்கூட நான் விட்டு வைத்ததில்லை.

"வருதும்மா" என்றேன். "எல்லாம் வருது."